ஸர் தாமஸ் மன்றோவும் கலகத்தின் காரணமும்

சென்னைக்குச் சென்று வந்த நம் கலாசாலை மாணவருள், தீவுத்திடலின் அருகே பெருஞ்சாலை நடுவில் அங்கவடியில்லாத குதிரையின்மீது அமர்ந்திருக்கும் வெண்கலத் துரையைக் காணாதவர் சிலரே இருப்பர். சான்ட்ரி என்னும் சிற்பி செய்த அச்சிலை 1839-ஆம் வருஷத்தில் நாட்டப்பட்டது. சிற்பி அங்கவடியை மறந்தாரா, வேண்டுமென்றே விடுத்தாரா என்று வாதாடுவார் பலர். அத்துரை யார், என்ன செய்தார் என்று கேட்பார் அரியர். அவரே ஸர் தாமஸ் மன்றோ.

அவருடைய சரித்திரத்தைக் கொங்குநாட்டுக் கலாசாலைப் பத்திரிகை ஒன்றில் எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. அவர் ஆட்சித் தொழிலைப் பயின்றது சேலத்தையும் தருமபுரியையும் சூழ்ந்த நம் பிரதேசத்திலேயே. பிற்காலத்தில் ஒரு பெரிய விசாரணையை நடத்த வந்ததும் கோயம்புத்தூருக்கே. இஃது ஒன்று. மற்றொன்றைச் சொல்ல நாக் கூசுகின்றது. 1997 நவம்பர் இறுதியில் நம் நகரத்துத் தெருவில் போலீஸ்காரர் ஒருவர் கொலையுண்டார். அதனை அடுத்து மூண்ட கலகத்தில் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நகரின் பல இடங்களில் வெடித்த குண்டுகளால் 58 பேர் உயிரிழந்தனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நீதிபதி கோகுலகிருஷ்ணன் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனும் அமைந்தது. இத்தகைய கொடுமை நிகழ்ந்தவுடன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. யார் செய்தனர் என்பது முதற் கேள்வி; அதற்கு விடை காண நீதிஸ்தலம் இருக்கின்றது. ஏன் செய்தனர், மறுபடி நேராதிருக்க என் செய்வது என்பது இரண்டாவது. இதனைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். கோபமும் துக்கமும் மிகுந்த வேளையில் கேட்பவன்மீது சந்தேகமும் பிறக்கும். மன்றோ தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அந்த இரண்டாவது கேள்வியோடு கழித்தவர். அதில் அவர் வென்ற இடங்களும் உண்டு, வழுவிய இடங்களும் உண்டு. இரண்டையும் மறையாது சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்றோ 1761 மே 27-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியா நாட்டோடு வியாபாரம் செய்து செழித்திருந்தவர். அமெரிக்கர் சுதந்தரப் போர் தொடுக்கவே அவருடைய வியாபாரம் முறிந்து, குடும்பம் வறுமையடைந்தது. தூரதேசத்துக் கலகம் ஒன்று தம் வீட்டு அடுப்பை அணைத்ததைப் பதினைந்து வயதிலேயே கண்டவர் மன்றோ. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதமும் இரசாயனமும் கற்றார். இளமையில் வந்த நோயால் காது சற்று மந்தமாயிற்று. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான குடிகளின் குறைகளைக் கேட்டவர் இவர் என்பதை நினைக்கும்போது இது வியப்பாயிருக்கின்றது.

1780 ஜனவரியில் கும்பினியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சென்னைக் கரையில் இறங்கினார். அவ்வாண்டே ஹைதர் அலி மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் புகுந்தார். செப்டம்பர் மாதத்தில் காஞ்சீபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லி என்னும் சேனாபதியின் படை நாசமாயிற்று. மன்றோ அப்போது வேறொரு படையில் இருந்து தப்பினார். இப்போர்களைப் பற்றி அவர் தந்தையாருக்கு எழுதிய நீண்ட கடிதங்களில் வெற்றி தோல்விகளை வருணிப்பதோடு நில்லாமல், அவை எதனால் நேர்ந்தன என்று ஆராய்கின்றார். போர்த்தொழிலுக்கு இடையே ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஷைலாக்கின் கதையை ஒத்ததொரு கதையைப் பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்றிற் கண்டு மொழிபெயர்த்தார். மலோன் என்னும் புலவர் அதனைத் தம் ஷேக்ஸ்பியர் பதிப்பிற் சேர்த்துக்கொண்டார். இலக்கிய மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

1792-இல் திப்பு சுல்தானோடு நிகழ்ந்த உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட அச்சீமையை ஆள அனுபவமுள்ள சிவில் உத்தியோகஸ்தர்களை அனுப்பவேண்டுமென்பது வழக்கம். ஆனால் தேசபாஷை அறிந்தவர் அவர்களுள் அரியராகவே, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அலெக்ஸாண்டர் ரீட் என்னும் படைத்தலைவரைத் தலைமை அதிகாரியாக நியமித்தார். மன்றோ, மக்லௌட், கிரேயம் என்னும் மூவரும், அனைவரும் போர்வீரரே, அவருக்கு உதவியாளராயினர். வாளேந்திய கைகள் அளவுச் சங்கிலியை ஏந்தின. வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். இன்ன நிலம் இன்னாருடையது, இன்ன வரி ஏற்கத்தக்கது என்று கணக்கெழுதினார்கள்.

அக்காலத்துக் குடியானவன் கொடுமை பொறுக்கமுடியாதபோது முதலில் ஆயுதமெடுப்பதில்லை. இரவோடிரவாக மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடுவான். அவன் விட்டுச் சென்ற நிலத்தின் வரியும் எஞ்சியிருப்பவன் தலையில் விழும், அவனும் போய்விடுவான். இவ்வாறு வெறுமையான ஊர்கள் கொள்ளைக்காரருக்கும் பாளையக்காரரின் ஆட்களுக்கும் இருப்பிடமாகும். ஆகவே ஓர் ஊரின் வரிக்கணக்கே அவ்வூரின் அமைதிக் கணக்குமாகும் என்பதை மன்றோ பாராமகாலில் ஏழு வருஷம் இருந்து கண்டார். ஒரே தொகையாகக் குத்தகைக்கு விட்டால் நடுவிலிருப்பவன் கொழுப்பான், உழுகிறவன் மெலிவான்; சர்க்கார் ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கை அவருள் மெல்ல மெல்ல உருவாயிற்று. இதுவே பின்னர் இரயத்துவாரி முறையெனப் பெயர்பெற்றது. இக்கொள்கையோடு அவர் வரவில்லை. தொடக்கத்தில் நீண்டகாலக் குத்தகையையே நல்லதென்று எண்ணியிருந்தார். குத்தகை முறை கண்முன்னே சீர்குலைந்தபின் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். தாம் முன்பு எழுதியதைத் தாமே மறுத்து எழுதுவதற்கு நாணாமை அவரிடம் காணப்படும் அரிய குணங்களுள் ஒன்று.

தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் அமைத்திருந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கன்னட ஜில்லாவுக்குப் போகும்படி உத்தரவு வந்தபோது, அத்தோட்டத்தைப் பிரிவது பழைய நண்பர்களைப் பிரிவதுபோலத் துன்பந்தந்ததென்று தம் சகோதரிக்கு எழுதியிருக்கின்றார்.

அவர் பிரிந்து சென்ற காலத்தில்தான் கொங்குநாட்டில் தீ மூண்டது. கோயம்புத்தூர்ச் சீமை 1799-இல் கும்பினியார் கைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே, 1800 ஜூன் மாதத்தில், திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலிய பாளையக்காரர்களோடு உறவுகொண்ட புரட்சிக் கூட்டத்தார் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க முயன்று தோற்றனர். பிடிபட்டவர்கள் பலர் தூக்கிலிடப்பட்டனர். தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலேற்றப்பட்டார். கும்பினியார் இவர்களைக் கலகக்காரர் என்றார்கள். நம் மக்கள் வீரர் என்கின்றார்கள். ஒருவன் கலகம் மற்றொருவன் சுதந்தரப் போராகும் இந்நிலைமை, வன்முறையை ஆராயப் புகுவார் அனைவரும் முதலில் இடறும் கல்லாகும். மன்றோவும் அக்கல்லை முற்றும் தாண்டினாரில்லை. கும்பினியின் ஆட்சி நிலைத்திருக்க வேண்டுமென்பதே அவர் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் எல்லைக்கோடு. அக்கோட்டுக்கு உள்ளே நின்று அவர் கண்டவை எவை என்பதே நாம் பார்க்கவேண்டியது.

1800-இல் நிஜாம் கும்பினியாருக்குத் தத்தம் செய்த ஜில்லாக்களுக்கு மன்றோ கலெக்டராயினார். பல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலியவற்றை அடக்கிய அப்பெருநாட்டில் 80 பாளையக்காரர்களும் அவர்கள்கீழ் ஏறக்குறைய 30,000 ஆயுதந் தாங்கிய ஆட்களும் இருந்தனரென்பர். கொள்ளையும் கொலையும் நாள்தோறும் நிகழ்வன. மன்றோ மாளிகை கட்டிக்கொண்டு உட்காரவில்லை. முதல் நான்கு வருஷங்கள் கூடாரத்திலேயே வசித்து, காவற்படையின்றி ஊர் ஊராகச் சுற்றினார். சிப்பாய்கள் சூழ வந்தால் ஏழைக்குடி அருகே வந்து பேசமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பாளையத்தைப் பற்றியும், அதன் முன்னோர் யார், எந்த அரசன் காலத்தில் நிலம் பெற்றனர், எவ்வளவு கப்பம் கட்டினர், எத்தனை ஆட்களை வைத்திருக்கின்றனர் என்று விசாரித்து, 1802-இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். ஆயுதக் கூட்டங்களைப் பெயரோடும் வரலாற்றோடும் வரவு செலவோடும் ஆராய்ந்து எழுதிய அத்தகைய நூல் அந்நாளில் மிக அபூர்வம்.

ஆயினும் அவ்வறிவை அவர் பயன்படுத்திய விதம் எவ்வாறிருந்தது? பாளையக்காரரின் கப்பத்தை, அவர்கள் படை வைத்திருக்க இயலாதபடி உயர்த்தினார். மறுத்தவர்களைப் படைகொண்டு நீக்கினார். சிலருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தார். இலண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்களே அவருடைய செய்கை கடுமையென்று கண்டித்து எழுதினர். அவர் தம் செய்கையே சரியென்று விரிவாக விடை எழுதினார். காரணத்தை அறிந்தவன் கருணையுள்ளவனாகத்தான் இருப்பான் என்று எண்ணிவிடக்கூடாது. நோயை அறிந்த கை மருந்தும் கொடுக்கும், கத்தியும் எடுக்கும். மன்றோ இரண்டையும் செய்தார். ஏழு வருஷத்தில் நாட்டில் கொள்ளை ஓய்ந்து உழவு பெருகியது உண்மை. வரி மிகுதியாயிருந்ததும் உண்மை. இரண்டாவது உண்மையை முதலில் எடுத்துச் சொன்னவரும் அவரே. 1807-இல் உத்தியோகத்தை விட்டுச் செல்லுமுன், தாம் விதித்த வரியில் நூற்றுக்கு 25 குறைக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தார். சர்க்கார் கேட்கவில்லை, தாம் கவர்னரானபின்னரே அதனை நிறைவேற்ற அவருக்கு வாய்த்தது.

இனி வேலூர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் எழுந்து, உறங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களைச் சுட்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை விரைந்து வந்து கோட்டையைப் பிடித்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. திப்புவின் புதல்வர்கள் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். ஆகவே இஃது அவர்களுடைய சதியென்றும், ஹைதராபாத் முதல் தென்கோடி வரையில் முஸ்லிம்கள் யாவரும் உடந்தையென்றும் சென்னையில் பீதி பரவிற்று. கவர்னர் பெண்டிங்க் பிரபு, தத்த ஜில்லாக்களில் அச்சதியின் கிளைகள் உண்டா என்று மன்றோவைக் கேட்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். பயந்திருக்கும் மேலதிகாரி ஒரு சதியை எதிர்பார்த்துக் கேட்கும்போது சதி உண்டென்று எழுதுவது எளிது. எழுதினவனுக்கு விழிப்புள்ளவனென்னும் பெயரும் கிடைக்கும். மன்றோ அவ்வாறு எழுதவில்லை. திப்புவின் வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்றுவது இவ்வளவு பெரிய எழுச்சிக்குத் தனிக் காரணமாகாது. சிப்பாய்களில் பெரும்பாலோர் ஹிந்துக்கள், அவர்களுக்கு அதில் என்ன இலாபம்? முஸ்லிம்களிலும் ஒரு பகுதியாரே அதனை விரும்பக்கூடும் என்று காட்டினார். பின், காரணம் எது? சிப்பாய்கள் புதுமாதிரித் தலைப்பாகை அணியவேண்டும், நெற்றியில் சமயக்குறி இடலாகாது, தாடியைக் கத்தரிக்கவேண்டும், கடுக்கன் கூடாது என்று படைத்தலைமையார் விதித்த புதுச் சட்டமே காரணம். சிப்பாய்களைக் கிறிஸ்தவராக்கும் எண்ணத்தின் முதற்படியே இது என்று தம் ஜில்லாவிலுள்ள அறிவாளிகளே நம்புகின்றனர், ஐரோப்பியருக்கு இந்நம்பிக்கை விநோதமாய்த் தோன்றினும் உண்மை இதுவே என்று எழுதினார். அவர் இருந்தது வேலூரிலிருந்து வெகுதூரம். ஆனால் ஊர்ப்பேச்சு அவர் கூடாரத்துக்குள் வரும். ஒரு சமூகத்தார் அனைவர்மீதும் விழவிருந்த சந்தேகத்துக்கு எதிராக அவ்வேளையில் நின்ற எழுத்துக்களுள் அக்கடிதமும் ஒன்று. 1807-இல் பெண்டிங்க் பிரபுவும் சேனாதிபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். தலைப்பாகைச் சட்டமும் ஒழிந்தது.

மதநம்பிக்கையை ஆட்சி தொட்டால் என்ன நேரும் என்பதை அவர் பின்னும் மறக்கவில்லை. கவர்னராயிருந்தபோது 1822-இல், பல்லாரியில் வரி வசூலிக்கும் அதிகாரி ஒருவர் தம் பதவியிலிருந்துகொண்டே மதமாற்ற வேலையிலும் ஈடுபட்டதை அறிந்து கண்டித்தார். மிஷன் கலாசாலையிற் பயிலும் நமக்கு இச்செய்தி கசக்க வேண்டியதில்லை. வரிப்புத்தகத்தை ஒரு கையிலும் வேதப்புத்தகத்தை மறு கையிலும் பிடித்து வருபவனிடம் குடியானவன் இரண்டையும் அஞ்சியே வாங்குவான். அச்சத்தால் வாங்கப்படுவது விசுவாசமாகாது.

1808 முதல் 1814 வரை மன்றோ தாய்நாட்டில் இருந்தார். பார்லிமெண்டில் கும்பினி ஆட்சியைப் பற்றி நிகழ்ந்த விசாரணைகளில் சாட்சி சொன்னார். அக்காலத்தில் சென்னை இராஜதானியில் கொள்ளைக் கூட்டங்கள் பெருகியிருந்தன. முந்திய காலத்தில் ஊர்க்காவல் தலையாரியிடமும் காவற்காரரிடமும் இருந்தது. களவு போனால் காவற்காரன் ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன். கும்பினியார் வங்காளத்து மாதிரியைப் பின்பற்றி, அம்முறையை ஒதுக்கி, தரோகா என்னும் சம்பளப் போலீஸாரை நியமித்து, ஜில்லா ஜட்ஜுகளின்கீழ் வைத்தனர். தரோகாவுக்கு ஊர் தெரியாது. ஊருக்குத் தரோகாவிடம் நம்பிக்கை கிடையாது. ஜட்ஜ் நாற்காலியை விட்டு அசையமுடியாது. வேலையிழந்த காவற்காரனோ, காக்கத் தெரிந்தவனாதலால் களவும் நன்றாகத் தெரிந்தவன். 1814-இல் மன்றோவைத் தலைவராகவும் ஸ்ட்ராட்டன் என்பவரைத் துணையாகவும் கொண்ட நீதி விசாரணைக் கமிஷன் சென்னைக்கு வந்தது. 1816-ஆம் வருஷத்துச் சட்டங்களால் தரோகாக்கள் நீங்கினர். ஊர்த்தலைவர்களுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் காவல் பொறுப்பும் மீண்டன. போலீஸ் அதிகாரம் ஜட்ஜிடமிருந்து கலெக்டருக்கு மாறிற்று.

இந்த வேலைக்கு நடுவில்தான் கோயம்புத்தூர் விவகாரம் குறுக்கிட்டது. அங்கே காரோ என்பவர் நெடுநாள் கலெக்டர். காசி செட்டி என்பவர் ஜில்லாக் கஜானாவின் பொறுப்பாளர். கஜானாவும் வியாபாரமும் ஒருவர் கையிலே சேர்ந்தன. சர்க்கார் பணம் சொந்த வியாபாரத்திற் புரண்டது, புகையிலை வியாபாரம் அவர் பிடியில் அகப்பட்டது, குடிகள் வருந்தினர். புகார் சொன்னவர்களின் சொல் முதலில் எடுபடவில்லை. கலெக்டர் கஜானாக்காரரை நம்பினார், சென்னையிலுள்ளோர் கலெக்டரை நம்பினர், குடிகளை நம்புவார் ஒருவரும் இல்லை. 1815-இல் மன்றோவும், பின்னர் உதகமண்டலத்தை நிறுவிப் பெயர்பெற்ற ஜான் ஸலிவனும் விசாரணைக்கு நியமிக்கப்பட்டு, மோசடியும் கொடுமையும் நடந்தவை மெய்யே என்று கண்டனர். அவ்வாண்டிலேயே ஸலிவன் கோயம்புத்தூருக்குக் கலெக்டரானார்.

இதில் குண்டும் இல்லை, வாளும் இல்லை. கலகத்தைப் பற்றிய கட்டுரையில் கஜானா மோசடிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். என் எண்ணத்தில் மன்றோவின் சரித்திரத்தில் மிகவும் முக்கியமான பகுதி இதுவே. இச்சீமையில் ஆயுதம் ஓய்ந்து பத்து வருஷமே ஆகியிருந்தது. மேலே அமைதி, கீழே, முறையிட்டும் கேட்பாரற்ற ஜனங்கள். அமைதி இருப்பதால் குறையில்லை என்று ஆள்வோர் எண்ணுவது இயல்பு. முறையிடுவதற்கு வழியடைந்துபோனால் ஜனங்கள் முறையிடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த மௌனத்தைத் திருப்தியென்று கணக்கெழுதிக்கொள்ளும் சர்க்கார், பிறகு ஒருநாள் திடுக்கிட்டு விழிக்கும். மன்றோவோ குற்றத்தை ஒரு மனிதன் தலையிற் சுமத்தியதோடு விட்டுவிடுபவரல்லர். இந்தியரை உயர்ந்த பதவிகளுக்கு வரவொட்டாமல், சிறு சம்பளமும் பெரிய அதிகாரமும் கொடுத்து வைத்தால் ஊழல் தவிர வேறென்ன விளையும் என்று பலமுறை வற்புறுத்தினார். 1824 டிசம்பர் இறுதியில் கவர்னராக எழுதிய புகழ்பெற்ற குறிப்பில், சொந்த நாட்டு ஆட்சியில் பங்கில்லாத ஜனங்கள் தாழ்வடைவர் என்பதையும், என்றேனும் ஒருநாள் இந்தியர் தம்மைத் தாமே ஆளும் நிலையை அடைந்தால் ஆங்கிலேயர் விலகுவதே தகுமென்பதையும் ஒளிக்காமற் சொன்னார்.

1817, 1818-ஆம் வருஷங்களில் மராட்டியப் போரில் படைநடத்திப் புகழ்பெற்று, 1820-இல் சென்னை கவர்னரானார். பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1822-இல் ஜில்லாதோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று எண்ணி அனுப்பும்படி உத்தரவிட்டார். 1826-இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி இராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இக்கணக்கு இன்றைக்கும் ஆராய்ச்சியாளருக்குக் கருவூலம். எண்ணிப் பாராமல் தீர்மானிப்பதில்லை என்னும் பாராமகால் பழக்கம் மாளிகைக்கு வந்தபின்னும் அவரை விடவில்லை.

ஆனால் அதே 1822-இல் அவர் எழுதிய மற்றொரு குறிப்பும் உண்டு. இந்தியாவில் பத்திரிகைகளுக்குச் சுதந்தரம் கொடுத்தால் அது சிப்பாய்களிடையே பரவிக் கலகத்தில் முடியுமென்று அஞ்சி அதனை எதிர்த்தார். ஊர்ப்பேச்சைக் கேட்டே வேலூரின் காரணத்தைக் கண்டுபிடித்தவர், அப்பேச்சு அச்சேறுவதைக் கண்டு பயந்தது முரண்பாடன்றோ? தாம் ஒருவர் கூடாரத்தில் அமர்ந்து கேட்டால் போதும் என்று நினைத்துவிட்டார் போலும். தமக்குப்பின் வருவோர் எல்லோரும் மன்றோக்கள் அல்லர் என்பதை அவர் எண்ணவில்லை.

அவ்வெண்ணக்குறையின் விளைவு அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டது. வரியும் போலீஸும் ஒரே கலெக்டரின்கீழ் வந்தனவல்லவா? கீழே தாசீல்தார் கையிலும் அவ்விரண்டும் ஒன்றாயின. வரி கொடாதவனைப் பிடிக்கும் அதிகாரமும் அவனை அடிக்கும் ஆட்களும் ஓரிடத்திலேயே இருந்தன. 1855-இல் சென்னையில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வெளியிட்ட அறிக்கையில், விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள் முதலிய கொடுமைகள் வரி வசூலுக்காகவே நடந்தன என்று வெளியாயிற்று. ஏறக்குறைய 2,000 முறையீடுகள் வந்தன. நெடுந்தூரம் கால்நடையாகச் சென்று முறையிட்டவர்கள் பலர். 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் சென்னை இராஜதானியில் போலீஸ் தனி இலாகாவாயிற்று. கொள்ளையைத் தடுக்க எழுந்த ஏற்பாடு மற்றொரு கொடுமைக்கு நிழல் கொடுத்தது. அதனை வெளிப்படுத்தியதும் குடிகளின் வாய்மொழியைக் கேட்ட ஒரு விசாரணையே.

1826-இல் மன்றோவின் மனைவியார் நோயுற்ற குழந்தையோடு சீமைக்குச் சென்றார். தாமும் பதவியை விட்டுச் செல்ல விண்ணப்பித்திருந்த மன்றோ, தமக்குப்பின் வரவேண்டியவர் வருமுன், தாம் இளமையில் ஆண்ட தத்த ஜில்லாக்களை ஒருமுறை பார்த்து விடைபெற்றுவர விரும்பி 1827-இல் பிரயாணம் புறப்பட்டார். வழியில் அவர் பாசறையில் விஷபேதி தோன்றிற்று. ஜூலை 6-ஆம் நாள் கர்னூலை அடுத்த பத்திகொண்டாவில் அவருக்கும் அந்நோய் கண்டு, அன்றே உயிர் நீத்தார். வயது 66. கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள பரிசுத்த மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்த ஜில்லாக் குடியானவர்கள் நெடுங்காலம் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு வந்தார்கள். அவர் இறந்த இடத்தில் சர்க்கார் ஒரு தோப்பு வைத்து, வழிப்போக்கர் இறங்கித் தண்ணீர் குடிக்கப் படிக்கிணறு ஒன்றும் வெட்டுவித்தனர்.